டேப் அக்காவின் பூச்சாடி

பரிசுப் பொருள் கடையில் பார்சல் கட்டுகிறவளுக்கு எல்லோரும் வைத்த பேர் டேப் அக்கா. பொருளைக் கையில் கொடுத்தால் போதும். பளபளக்கும் காகிதம், ஒட்ட டேப், ரிப்பன், மேலே ஒரு பூ என்று கண் மூடித் திறப்பதற்குள் கட்டித் தந்துவிடுவாள். பதினெட்டு வருஷத்தில் கண்ணாடி அன்னம், சுவர்க் கடிகாரம், பீங்கான் யானை என்று அவள் கட்டாத பொருள் இல்லை. அத்தனையும் அடுத்தவர் வீட்டுக்குப் போகிறவை. அந்தக் கடையில் தனக்கென்று வாங்கினவர் ஒருத்தர்கூடக் கிடையாது.

கடையில் கை தவறி உடைந்ததைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வராது. பையில் அள்ளிக்கொண்டு போவாள். "இது வீடா, பழைய சாமான் கடையா?" என்று புருஷன் தலையில் அடித்துக்கொள்வார். அந்தச் சில்லுகளை ஒட்டி ஒட்டித்தான் ஒரு பூச்சாடி செய்தாள். ஆறு மாச வேலை. விரலெல்லாம் கீறல். அதை முதலாளியிடம் நீட்டிக் கெஞ்சிக் கூத்தாடினாள்.

"இன்னிக்கு ஒரு நாள் ஷெல்ஃபுல வைக்கிறேன். வித்துப் போச்சுன்னா அந்த இடம் உனக்கு, மேல செஞ்சு கொண்டா. போகலைன்னா அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது, சரியா?"

காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவு திறந்தாலே கட்டுகிற பார்சலை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். ஒரு பெரியவர் சாடியைத் தூக்கினார், ஐயோ, வாங்கப்போகிறார்! தூக்கின மனுஷன் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். இன்னொரு மகராசன் அதற்குள் தன் ஈரக்குடையைச் செருகினான். அவனை என்ன செய்தால் தகும்!

விளக்குப் போடும் நேரத்துக்கு ஒரு நர்ஸ் வந்தாள். சாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், தடவினாள். "இதைக் குடுங்க" என்றாள்.

டேப் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கை தன்பாட்டுக்குப் பறந்தது. நர்ஸ் பணம் கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் சாடி காகிதத்துக்குள் போய், ரிப்பன் ஏறி, பூவும் உட்கார்ந்துவிட்டது.

"ஐயையோ, எதுக்குக்கா கட்டுனீங்க?"

"பின்ன, யாருக்காவது குடுக்கத்தானே வாங்குறீங்க?"

"யாருக்கும் இல்லக்கா, எனக்குத்தான். கதவைத் திறந்ததும் கண்ணுல படுற மாதிரி வைக்கப்போறேன். பிரிச்சுடுங்க, அப்படியே எடுத்துட்டுப் போறேன்."

அவளுக்குக் கட்டத்தான் தெரியும். பிரித்துப் பழக்கமே இல்லை. ரிப்பன் சிக்கியது, காகிதம் கிழிந்தது, அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து தொலைத்தன. நர்ஸ் சாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

"முதலாளி!" கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள் டேப் அக்கா. "அந்த இடத்துல வேற எதையும் வச்சுடாதீங்க!"