மரப்பு ஊசி போட்ட முத்து

ஒரு வீடே என்னைத் தெய்வமாக வைத்துக் கும்பிட்டிருக்கிறது. இதைப் பெருமையாக யாரிடமாவது சொல்லலாம் என்று நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு தறி. எங்கள் வீட்டிலும் ஒன்று. நான், என் மனைவி, மூன்று பெண் குழந்தைகள், என் அம்மா. மூன்றாவது பிரசவத்தில் மனைவி பிழைத்து வந்ததே பெரிய காரியம். இன்னொன்று உயிருக்கு ஆபத்து என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கோ நான் ஒரே பிள்ளை. பேரன் வேண்டும் என்று கோயில் கோயிலாக விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் கோயிலுக்கா பஞ்சம்?

அம்மாவிடம் சொல்லாமல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள்வது என்று முடிவு செய்தேன். அதைச் செய்துகொண்ட ஆண்பிள்ளையைப் பற்றி அன்றைக்குத் தெருவில் என்ன பேசுவார்கள் என்பதை எழுதக் கை கூசுகிறது. டீக்கடையில் அந்தப் பேச்சுக்கு நானும் சேர்ந்து சிரித்தவன்தான். அதனால் வெளியூரில் துக்கம் விசாரிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, முகாம் போட்டிருந்த பக்கத்து ஊருக்குப் போய்ப் படுத்தேன். மரத்துப்போக ஊசி போடுவதற்கு முன்னால், இதுமாதிரி ஊசி எப்போதாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று டாக்டர் கேட்டார். பல் பிடுங்கியபோது உடம்பெல்லாம் அரித்தது ஞாபகத்துக்கு வந்தது. உண்டு என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் நான் இன்னொரு துக்க வீட்டுக்கு எங்கே போவேன்? இல்லை என்றேன். சிலருக்குத் தோல் தடிக்கும், தடித்தால் உடனே வந்து மாத்திரை வாங்கிக்கொள் என்று சொல்லி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை எழுந்தால் கழுத்து, மார்பு, முதுகு எங்கும் செக்கச் செவேலென்று தடிப்புகள். கண் இமை வீங்கியிருந்தது. காய்ச்சல் வேறு. கையில் செம்போடு வந்த அம்மா அதை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"முத்து போட்டுட்டா. தாயே, எங்க வூட்டுக்கு வழி தெரிஞ்சுதா உனக்கு?"

சித்திரை வெயில். இரண்டு தெரு தள்ளி அம்மை கண்டிருந்த சமயம். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சற்று நேரத்தில் வாசலில் வேப்பிலை ஏறியது. என்னை வெள்ளை வேட்டி விரித்து வேப்பிலைமேல் கிடத்தினார்கள். அடுப்பில் தாளிப்பது நின்றது, தறியும் நின்றது. அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். வாய்க்கு வாய் தாயே, தாயே என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கியிருக்கலாம்தான். ஆனால் அம்மன் எப்படி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள்?

விஷயம் தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். அவள் என் பக்கத்தில் வரக்கூடாது. கதவோரம் நின்றபடி, சொல்லிவிடுங்கள், அத்தை பாவம் என்று முணுமுணுத்தாள். சொன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாவேன் என்று அவள்மேல் சீறினேன்.

அன்று சாயங்காலம் அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு வந்து என் காலில் விழுந்தாள். பெற்றவள் என் காலில் விழுகிறாள். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு கை கூப்பினாள்.

"வந்தது வந்துட்ட தாயே. எம்புள்ளைக்கு ஒரு ஆம்பளப் புள்ளயக் குடுத்துட்டுப் போ. வேற ஒண்ணும் கேக்கல."

அம்மை கண்டவன் சொறியக் கூடாது, நகம் பட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள். பிடரியிலோ அரிப்பு பிடுங்கித் தின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடரியைத் தலையணையில் தேய்த்தேன். தலை மேலும் கீழுமாக ஆடியது. அந்த நேரம் பார்த்து அம்மா கண்ணைத் திறந்துவிட்டாள். என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் மாகறலிலிருந்து ஒரு விவசாயியும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர்கள் மகளின் முகூர்த்தப் புடவை என் தறியில் இருந்தது. நெய்து முடித்தாகிவிட்டது, அறுத்துக் கொடுப்பது மட்டும் பாக்கி. ஆனால் அம்மன் வந்து தங்கியிருக்கும்போது எங்கள் தெருவில் தறியில் கத்தி வைக்கமாட்டார்கள். வீட்டிலிருந்து ஒரு பிடி உப்புகூட வெளியே போகாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை வழியனுப்பின பிறகுதான் எல்லாம். கல்யாணமோ அதற்கு முன்னால் வருகிறது. வேப்பிலையைப் பார்த்ததும் இருவரும் தெருவிலேயே நின்றுவிட்டார்கள். கடையில் வேறு புடவை எடுத்துக்கொள்ளும்படி அம்மா பக்குவமாகச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் சகுனம் சரியில்லை என்று ஏற்கெனவே ஓர் இடத்தை முறித்துக்கொண்டவர்களாம். அந்த அம்மாள் தெருவிலிருந்தபடியே சொன்னாள்:

"முகூர்த்தப் பொடவ அம்மன்கிட்ட மாட்டிக்கினு இருக்குதுன்னு தெரிஞ்சா அவங்க எழுந்து போயிடுவாங்கமா. எம்பொண்ணு கதி என்னாமா?"

உள்ளே படுத்திருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வாயைத் திறந்தால் என் மானம் போகும். மூடிக்கொண்டால் முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் கல்யாணம் போகும். கொஞ்ச நேரம் மூடிக்கொண்டுதான் கிடந்தேன், பொய் சொல்லவில்லை. பிறகு வேப்பிலையை உதறிவிட்டு எழுந்து, காலை அகட்டி அகட்டி நடந்து வாசலுக்கு வந்தேன். விவரம் தெரிந்தவனுக்கு அந்த நடையே போதும். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இது அம்மை இல்ல. மரப்பு ஊசி ஒத்துக்கல. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கினேன்" என்றேன்.

பாவுப் பக்கமிருந்து ஒருவன் களுக்கென்று சிரித்தான். விவசாயி தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை, சாமிமேல் ஆணையாகச் சொல்லச் சொன்னாள். சாமியை விட்டுவிடுங்கள் அம்மா என்றேன். அதற்குள் என் மனைவி வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நெசந்தாம்மா. எனக்காகத்தான் பண்ணிக்கினாரு."

நானே புடவையை அறுத்தேன். கத்தி கோணாமல் இருக்க மனைவி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். மடித்துக் கொடுத்ததும் அவர்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

அம்மா திட்டுவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் குழந்தைகளுக்குச் சோறு போட்டாள், பாத்திரம் கழுவினாள். விளக்கு வைத்த பிறகு வந்து, நான் படுத்திருந்த இடத்துக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப நான் கேட்டப்ப தலைய ஆட்டினியேடா?"

"அரிச்சுதும்மா" என்றேன்.