சுவரைப் பார்க்கும் வெங்கடேஸ்வரி

வெங்கடேஸ்வரி வீட்டுக்குள் வந்ததும் நோயாளியைப் பார்ப்பதில்லை, சுவரைப் பார்ப்பாள். செருப்பைக் கழற்றும்போதே கண் கூடத்துச் சுவரில் தேடும். தலை உயரத்தில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை இருந்தால் முகம் மலரும். இல்லாவிட்டால், "என்ன பெரியம்மா, நேத்து தல செவுத்துப் பக்கமே போவல போலுக்கு!" என்று தொடங்கிவிடுவாள்.

மம்சாபுரத்துக்காரி. வயது முப்பத்து நான்கு. பிசியோதெரபி படித்தவள். காலையில் ராஜபாளையத்தில் நான்கு வீடுகள், மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று. எல்லாம் எலும்பு வலுவிழந்து முதுகெலும்பு நொறுங்கியவர்களின் வீடுகள். குதிகாலும் பிட்டமும் சுவரில் பட நிற்கவைத்து, தலையை மெல்லப் பின்னுக்குக் கொண்டுபோகச் சொல்வாள். தலைக்கும் சுவருக்கும் இடையில் எத்தனை சென்டிமீட்டர் என்பதுதான் அவளுக்கு முக்கியம். எங்கள் ஊரில் எண்ணெய் வைக்காத தலை அபூர்வம். எனவே தலை பட்டால் சுவரில் தெரிந்துவிடும்.

ராஜபாளையத்தில் சதீஷ் என்பவர் வீட்டில், "அக்கா, புது பெயிண்ட்டு! ஒரு மாசங்கூட ஆகல" என்று அவர் அலறியிருக்கிறார். "செவுத்துக்கு மறுபடி அடிச்சிக்கிடலாம். ஒங்க அம்மா முதுகுக்கு எந்தக் கடையில பெயிண்ட்டு விக்குது?" என்றாளாம் இவள்.

தெருவிலும் அவளுக்கு ஓய்வில்லை. யாராவது வயதான பெண் குனிந்து குடத்தைத் தூக்கினால் ஸ்கூட்டர் நின்றுவிடும். "முதுக மடக்காதீய! முட்டிய மடக்குங்க!" முன்பின் தெரியாதவர்களும் திகைத்துப்போய் முட்டியை மடக்குவார்கள்.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். என் மனைவி ஆவுடையம்மாளுக்கு வயது 71. ஜனவரி 11 காலை 6.40க்கு மாவுப் பாத்திரத்தைக் குனிந்து தூக்கியபோது முதுகில் ஓர் எலும்பு நொறுங்கியது. அதற்கு முன்பே இரண்டு எலும்புகள் சத்தமில்லாமல் அமுங்கியிருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது. டாக்டர் அனுமதித்த பிறகு, மார்ச் 6 அன்று வெங்கடேஸ்வரி வந்தாள். தலைக்கும் சுவருக்கும் இடைவெளி 6.4 செ.மீ. அடிக்கோலைப் பிடித்தவன் நான்.

"ஒங்களுக்கு என்ன வேணும் பெரியம்மா?" என்று கேட்டாள்.

"போன வருசம் ஆடிப்பூரத் தேர்ல சக்கரத்தயும் சனங்க காலயுந்தான் பாத்தேன். நிமிர முடியலட்டி. இந்த வருசம் ஆண்டாள் மொகத்தப் பாக்கணும்."

"அம்புட்டுத்தான? பாத்துருவோம்."

ஏப்ரல் 6இல் 4.9. மே 6இல் 3.1. ஜூன் முழுவதும் 2.2இலேயே நின்றுவிட்டது. மற்ற வீட்டுச் சுவர்களில் எல்லாம் கறை, எங்கள் சுவர் மட்டும் வெள்ளை. ஜூன் 24 மாலை வெங்கடேஸ்வரி உள்ளே வந்தபோது சுவரில் பளபளவென்று ஒரு கறை இருந்தது. துள்ளிக் குதித்தாள். நான் வழக்கம்போல் அளந்தேன். கறையின் நடு தரையிலிருந்து 143 செ.மீ. ஆவுடையம்மாளின் பின்தலை 138.5.

வெங்கடேஸ்வரி கறையையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "கையால தேச்சீயளா? இது எலும்பு அமுங்குததுக்கு முந்தின பெரியம்மா உசரம்லா!"

"என் உசரம் அம்புட்டுத்தானட்டி! நீ தெனம் செவுத்தப் பாத்து மூஞ்சியத் தூக்குதயேன்னு தேச்சேன். இவிய ஸ்கேலத் தூக்கிட்டு வந்து காட்டிக் குடுத்துட்டாவ." ஆவுடையம்மாளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் முதுகு வலிக்கும் என்று ஐந்து மாதமாகச் சிரிப்பை அடக்கியே வைத்திருந்தவள் அவள். அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வலிக்கவில்லை என்று குறித்துக்கொண்டேன்.

வெங்கடேஸ்வரி அந்தக் கறையைத் துடைக்க விடவில்லை. "இருக்கட்டும். அந்த உசரத்துக்குப் போவ முடியாது. ஆனா செவுத்துக்குப் போவலாம்." மறுநாளிலிருந்து படுத்தபடி தலையணையில் தலையை அழுத்தும் பயிற்சியைப் பத்திலிருந்து பதினைந்தாக்கினாள். தேருக்கு முந்தின நாள் இடைவெளி 0.6.

தேரன்று ரதவீதியில் ஒரு பாத்திரக் கடையின் வெள்ளைச் சுவரோரம் ஆவுடையம்மாளை நிறுத்தினோம். கூட்டம் இடிக்காதபடி வெங்கடேஸ்வரி இரண்டு கைகளையும் விரித்து முன்னால் நின்றாள். 10.52க்குத் தேர் முனை திரும்பியது. ஆவுடையம்மாள் பயிற்சியில் நிற்பதுபோலவே குதிகாலைச் சுவரில் ஒட்டவைத்து நின்றாள். மெல்ல நிமிர்ந்தாள்.

"ஏட்டி, மொகம் தெரியுது! மால தெரியுது! கையில கிளிகூடத் தெரியுதுட்டி!"

தெருவே தேரைப் பார்த்துக் கைகூப்பியது. வெங்கடேஸ்வரி மட்டும் தேருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். ஆவுடையம்மாள் கைகூப்பியபடி ஓரடி முன்னால் வந்திருந்தாள். அவள் பின்தலை பட்டிருந்த இடத்தில், வெள்ளைச் சுவரில், உள்ளங்கை அளவு ஈரமாக மின்னியது. வெங்கடேஸ்வரி அதை விரலால் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.