என் இதழில் யாரும் சாகவில்லை

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நான் ஓர் இணைய இலக்கிய இதழ் நடத்தினேன். மதுரை ஆனையூரில் வீடு, கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை. இதழுக்கு ஆசிரியர் முதல் எடுபிடி வரை நான் ஒருவனே. 'எழுத்தாளர் அனுப்பியதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றமாட்டோம்' என்று முகப்பில் போட்டிருந்தேன். கதைகளைக் கண்டபடி வெட்டும் அச்சுப் பத்திரிகைக்காரர்களைக் குத்திக்காட்டத்தான் அந்த வரி. கர்வம் கொஞ்சம் கூடுதல்தான்.

கதைகள் தபாலில், கையெழுத்தில் வரும். எழுதியவர்களில் பலர் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. பிடித்த கதைகளைச் சிம்மக்கல்லில் ஒரு டிடிபி சென்டரில் கொடுப்பேன். அங்கே கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களை அடிக்கிற அக்கா என் கதைகளையும் அடித்து ஃபிளாப்பியில் தருவார். எழுத்து உடையாமல் வந்திருக்கிறதா என்று முதல் நாலு வரியைப் பார்த்துவிட்டு ஏற்றிவிடுவேன். மிச்சத்தைத்தான் ஏற்கெனவே படித்தாயிற்றே.

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒருவர் ஒரு கதை அனுப்பினார். புருஷன் அடித்துப்போட்ட தங்கையை அண்ணன் வேனில் மதுரைக்கு ஏற்றி வருகிறான். வழியிலேயே அவள் செத்துப்போகிறாள். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கதை வெளியாகி மூன்று மாதம் கழித்து, அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர் பஸ் ஏறி வந்துவிட்டார். பெருமையாக பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போய்த் திறந்து காட்டினேன்.

திரையில் விரலை ஓட்டிப் படித்தவர் கடைசியில் நின்றுவிட்டார்.

"அண்ணே, இதுல அவ கண்ணு முழிக்கிறாளே."

எட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் தங்கை கண் விழித்து, அண்ணனிடம் தண்ணீர் கேட்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரையும் அழைத்துக்கொண்டு நேரே அக்காவிடம் போனேன். அக்கா எதையும் மறைக்கவில்லை.

"நாள் பூரா கண்ணீர் அஞ்சலியே அடிக்கிறேன் தம்பி. கதையிலயாச்சும் ஒரு பிள்ள பிழைக்கட்டுமேன்னு தோணுச்சு. நீங்களும் ஒண்ணும் சொல்லலையே."

"எம்புட்டுக் கதையில இப்படிச் செஞ்சீங்க?"

அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஐந்து பேரைப் பிழைக்க வைத்திருக்கிறார். ஒருவரைக்கூட நான் கவனிக்கவில்லை. 'உங்கள் இதழில் வாழ்வின் மீது நம்பிக்கை தெரிகிறது' என்று சிங்கப்பூர் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நன்றி வேறு சொல்லியிருந்தேன்.

வெட்கத்தை மறைக்க உளறினேன். "இப்படி முடிஞ்சாலும் நல்லாத்தான் இருக்குண்ணே."

"அது கதை இல்லண்ணே, என் தங்கச்சி," என்றார் கொடிக்கால்காரர். குரல் உயரவில்லை. "வயித்துவலியில போயிட்டான்னு சொல்லி எரிச்சுட்டாங்க. ஊரே முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிருச்சு. புருஷன் அடிச்சுத்தான் அவ செத்தான்னு எங்கயோ இருக்கிற நாலு பேராச்சும் தெரிஞ்சுக்கட்டும்னுதான் எழுதுனேன். இங்கயும் அவ சாகலைன்னா எப்படிண்ணே?"

அக்கா முகத்தை மூடிக்கொண்டார். அவர் கை மறுபடி கீபோர்டுக்குப் போகவில்லை. அவர் இடத்தில் நான் உட்கார்ந்தேன். கையெழுத்துப் பிரதி வீட்டில் கிடந்தது. கொடிக்கால்காரருக்கு அது தேவைப்படவும் இல்லை. வேன் சமயநல்லூரைத் தாண்டியதிலிருந்து அவர் சொல்லச் சொல்ல, எழுத்தெழுத்தாகத் தேடி ஒற்றை விரலால் அடித்தேன்.

முடிந்ததும், "வாசிங்கண்ணே," என்றார்.

வாசித்தேன். அன்றுதான் என் இதழில் ஒரு கதையைக் கடைசி வரி வரை படித்தேன்.