முப்பத்தொரு டிக்கும் ஒரு தொட்டி மூடியும்

எனக்கு வந்த மலேரியா நேரம் தவறாத மலேரியா. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சரியாக நாலு மணிக்கு, ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிடும். ஆவணி மாதப் புழுக்கத்தில் மற்றவர்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருக்க, நான் மட்டும் பக்கத்து சீட்டுக்காரரின் மழைக்கோட்டைக் கடன் வாங்கிப் போர்த்திக்கொண்டு நடுங்குவேன். மறுநாள் ஒன்றும் இருக்காது. வழக்கம்போல லைனில் நின்று நாலு பேரைத் திட்டுவேன். நடுக்கத்துக்குக் காரணம் பஸ்ஸின் இன்ஜின்தான் என்று மூன்று தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் லீடர். என் மனைவி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தாள். உண்டான பிறகு வேலையை விட்டாள். எந்தக் கம்பெனியிலும் புரொடக்‌ஷனுக்கும் குவாலிட்டிக்கும் ஆகாது. நாங்கள் எவ்வளவு வேகமாகச் செய்து தள்ளுகிறோமோ, அவ்வளவு வேகமாக அவர்கள் குறை கண்டுபிடிப்பார்கள். எங்கள் வீட்டில் இந்த இரண்டு டிபார்ட்மென்ட்டும் ஒரே தட்டில் சாப்பிட்டன. நான் வைத்த ரசத்தைக்கூட அவள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள்.

என் ரத்தத்தை எடுக்க வைத்தது கொசு மருந்து அக்கா. கையில் கரண்டியும் டார்ச்சுமாக எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்ப்பது அவர் வேலை. வாசலில் நான் போர்வையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போகாத குறையாகக் கூட்டிப்போனார். விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்தார்கள். மலேரியா. பதினாலு நாள் மாத்திரை.

மூன்றாம் நாளே காய்ச்சல் நின்றுவிட்டது. மீதி மாத்திரையை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். அக்கா அதை எப்படி மோப்பம் பிடித்தாரோ, ஐந்தாம் நாள் நேராக ஃபிரிட்ஜுக்கு வந்து நின்றார்.

"காய்ச்சல் நின்னா கிருமி செத்துப்போச்சுன்னு அர்த்தமா தம்பி? அது ஈரல்ல போய் தூங்கிகினு கீது. நீ மாத்திரைய நிறுத்தினா எழுந்து வரும். சாப்ட்டுட்டு முழுங்கு, நான் இங்கயேதான் நிக்கப்போறேன்."

முழுங்கினேன். அதோடு விடாமல் மாடிக்கு ஏறினார். எங்கள் கறுப்புத் தொட்டியில் மூடி இல்லை. உள்ளே கரண்டியை விட்டு எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"நல்லா பாரு. மத்த கொசுவோட புழு தலைகீழா தொங்கும். மலேரியா கொசுவோட புழு தண்ணி மேல பாய் போட்டு படுத்துகினு இருக்கும். இதோ, உன் வூட்டு மாடியில வாடகை இல்லாம படுத்துகினு கீது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கீழ வயித்துப்புள்ளக்காரிய வெச்சிகினு இப்படி விடலாமா? அவளுக்கு வந்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

அதுவரை எனக்கு எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. அப்போதுதான் பயந்தேன். ஆறு மாத வயிற்றோடு அவள் தினமும் அந்தத் தொட்டிக்கு நேர் கீழே படுத்திருந்தாள். அவளுக்கும் அன்றே ரத்தம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொட்டிக்கு மருந்து ஊற்றி, மூடியைப் போட்டு, மேலே ஒரு கல்லையும் வைத்தேன். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவள் மறைமலை நகரில் தாய்வீட்டுக்குப் போனாள். கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் கூட்டிவருவதாகப் பேச்சு. நாள் பார்க்கலாமா என்று போன் செய்தேன்.

"நாள் அப்புறம் பார்க்கலாங்க," என்றாள். "மலேரியா வந்த வூட்டுக்குப் பச்சைக் குழந்தைய எப்டி எடுத்துகினு வர்றது? ஏன் வந்துச்சு, இனிமே வராம இருக்க இன்னா பண்ணீங்கன்னு எழுதி அனுப்புங்க. படிச்சிட்டு சொல்றேன்."

பாதி கிண்டல்தான். ஆனால் என்னிடம் போய் அப்படிக் கேட்கலாமா? எங்கள் கம்பெனியில் ஒரு பாகம் பழுதானால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டு மூலகாரணத்தைப் பிடிக்க வேண்டும். ரூட் காஸ் என்பார்கள். எனக்கு அதில் தனிப் பெயரே உண்டு. சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து, தலைப்பெல்லாம் போட்டு, கட்டம் கட்டி எழுதினேன்.

மலேரியா ஏன் வந்தது? கொசு கடித்தது. கொசு ஏன் வந்தது? தொட்டியில் முட்டையிட்டது. ஏன் தொட்டியில் இட்டது? மூடி இல்லை. மூடி ஏன் இல்லை? கழற்றப்பட்டது. ஏன் கழற்றப்பட்டது? சித்திரை மாதம் மசக்கைக்காரிக்குத் தயிர்சோறும் வத்தலும்தான் இறங்குகிறது என்று வத்தல் போட வந்த மாமியார், கறுப்பாக, வட்டமாக, வெயிலில் நன்றாகச் சூடேறுகிறது என்று தொட்டி மூடியை எடுத்து அதில் வத்தல் பிழிந்தார்.

கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: ரூட் காஸ், மாமியார்.

உண்மையாகவே நடந்ததுதான். வத்தலும் மொறுமொறுவென்று இருந்தது. பாதியைத் தின்றவன் நான்தான். தாளைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். அப்போது அவள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். போன் மாமியார் கையில் இருந்தது.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. "மாப்ள," என்றார் மாமியார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. அதுதான் கலவரமாக இருந்தது. "காரணம் இங்க கீது, காரியம் அங்க கீது. ரெண்டும் சேர வேணாம். பொண்ணும் கொழந்தையும் இங்கயே இருக்கட்டும்."

பிறகு மனைவி வாங்கிப் பேசினாள். "அஞ்சோட ஏன் நிறுத்திட்டீங்க? அம்மா மூடிய எடுத்தாங்க, சரி. அதுக்கப்புறம் நாலு மாசம் அது கைப்பிடிச் சுவத்துல சாஞ்சே கிடந்துச்சு. துணி காயப்போட தினம் மாடிக்குப் போன ஆளு யாரு? ஏன் எடுத்து மூடல? ஆறாவது ஏன், ஏழாவது ஏன் எல்லாம் எழுதி, தினமும் பார்த்து டிக் போடுற மாதிரி செக் ஷீட் ஒண்ணு வெச்சிட்டு கூப்பிடுங்க. ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன்."

என் மகளை அவள் பிறந்தபோது ஒரு முறையும், பெயர் வைத்தபோது ஒரு முறையும், இடையில் சில ஞாயிறுகளிலும் பார்த்திருந்தேன். மற்ற நாட்களில் போன் திரையில்தான். அவள் என் வீட்டில் அழ வேண்டும், என் சட்டையை நனைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. செக் ஷீட் தானே, இருபத்தைந்து லைன் செக் ஷீட்டைப் பார்த்தவன் நான் என்று கிளம்பினேன்.

கம்பெனிக் கணினியிலேயே அச்செடுத்தேன். இடது பக்கம் மேல்தொட்டி மூடி, டிரம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஜன்னல் வலை. மேலே ஒன்று முதல் முப்பத்தொன்று வரை தேதி. சமையலறைக் கதவில் ஒட்டினேன். பார்க்கவே கம்பீரமாக இருந்தது. இரண்டு நாள் ஒழுங்காக மாடி ஏறிப் பார்த்து டிக் போட்டேன். மூன்றாம் நாள் பழைய பழக்கம் வந்துவிட்டது. எங்கள் லைனில் திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் டிக் போட்டுவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போகிறவர்கள் உண்டு. அவர்களைத் திட்டுகிற இடத்தில் இருந்ததால் அந்த வித்தையில் எனக்குத் தேர்ச்சி அதிகம். தினம் பேனா தேடுவானேன் என்று ஒரே மூச்சில் எல்லாக் கட்டத்தையும் முடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஆட்டோ வந்தது. மனைவி, அவள் தோளில் குழந்தை, பின்னால் மாமியார். வீட்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன். மனைவி எதையும் பார்க்கவில்லை. நேராகக் கதவுக்குப் போனாள்.

"இன்னிக்கு தேதி என்னங்க?"

"பதினாறு."

"பதினேழாம் தேதி தொட்டி மூடியிருக்குன்னு போட்டிருக்கீங்க."

"நாளைக்கும் மூடித்தானே இருக்கும்?"

விரலை அப்படியே வலது பக்கமாக நகர்த்தினாள். கடைசியில் நிறுத்தினாள். "இது பிப்ரவரி மாசம். முப்பதாம் தேதி டிரம்முல புழு இல்லைன்னு எப்படி பார்த்தீங்க? முப்பத்தொண்ணாம் தேதி கூட ஓகேவாம்."

மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா, கோபமா என்று தெரியவில்லை. மனைவி சிரிக்கவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அதே ஆட்டோவில் ஏறினாள். குழந்தையின் ஒரு கால் மட்டும் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. ஆட்டோ திரும்பியதும் உள்ளே போய் அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தேன். முதலில் அவள் மேல் கோபம் வந்தது. சாயங்காலத்துக்குள் அது என் மேலேயே திரும்பிவிட்டது.

மார்ச் ஒன்றாம் தேதி புதுத் தாள் ஒட்டினேன். தினம் காலையில் மாடி ஏறினேன். டார்ச் அடித்தேன். பிறகுதான் பேனாவை எடுத்தேன். ஆறாம் தேதி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த தட்டை முதல்முறையாக முழுவதும் வெளியே இழுத்தால், உள்ளே புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கொட்டிக் கழுவிவிட்டு டிக் போட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. பெருக்கல் குறி போட்டால் குழந்தை வராது. பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது. அந்தச் சின்னக் கால் ஞாபகம் வந்தது. அதைத்தானே இந்தக் கொசு முதலில் கடிக்கும் என்று தோன்றியது. பெருக்கல் குறி போட்டேன். பக்கத்தில் 'கொட்டிக் கழுவியாயிற்று' என்று எழுதினேன்.

பதினோராம் தேதி அதைவிட மோசம். கல் வைத்திருந்தும், தொட்டி மூடி ஓர் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்ததை அன்றுதான் கவனித்தேன். உள்ளே நாலைந்து புழுக்கள் பாய் போட்டுப் படுத்திருந்தன. அக்காவைக் கூப்பிட்டேன். மருந்து ஊற்றிவிட்டு, "கல்லை நம்பாத தம்பி, கம்பி போட்டு கட்டு" என்றார். கட்டினேன். இரண்டாவது பெருக்கல் குறி. பதினைந்தாம் தேதி தாளைப் படம் எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் மனைவிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி காட்டியது. பதில் இல்லை. அன்று முழுவதும் லைனில் நான் யாரையும் திட்டவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஆட்டோச் சத்தம் கேட்டது. முதலில் இறங்கியது மாமியார். கையில் சுருட்டிய கொசுவலை. "ரூட் காஸ் வந்துகீது மாப்ள. ஒரு காபி கிடைக்குமா?" என்றார். பின்னால் இரண்டு பெட்டி, ஒரு தொட்டில் துணி, ஒரு மூட்டை. ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கொண்டுவரும் சாமான் இல்லை அது.

"ரெண்டு இடத்துல தப்பு போட்டிருந்தேனே," என்றேன் மனைவியிடம்.

"அதனாலதான் வந்தேன். எல்லாமே ஓகேன்னா ஆளு பார்க்கலைன்னு அர்த்தம். நீங்க பார்த்திருக்கீங்க."

 காபி போட உள்ளே போனேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். மாமியார் முழு டம்ளரையும் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.

மனைவி தாளைப் பார்க்கவில்லை. மாடியையும் கேட்கவில்லை. கூடத்தில் வலையைக் கட்டி, ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகினாள். பிறகு குழந்தையை என்னிடம் நீட்டி, "நீங்களே உள்ள படுக்க வைங்க" என்றாள். வலையைத் தூக்கி, குனிந்து, மெதுவாக வைத்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு, என் மகள் முதல்முறையாக எங்கள் வீட்டில் தூங்கினாள்.