கல்லுக்கு முன்னால் வைத்த சீட்டு

இந்த வருஷமும் தாம்பரத்தில் கல் கண்காட்சி போட்டார்கள். மருமகள் கூப்பிட்டாள் என்று போனேன். கல்யாண மண்டபத்தில் மேஜை மேஜையாகக் கல். ஒவ்வொரு கல்லுக்கு முன்னாலும் ஒரு சீட்டு: கல்லின் பெயர், கிடைத்த ஊர், கண்டெடுத்தவர் பெயர். நான் சீட்டுகளைத்தான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். "கல்லைப் பாருங்க அத்தை" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்?

இதேபோல் ஒரு கண்காட்சிக்கு முதன்முதலில் போனபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா மலைக் குவாரியில் சம்மட்டி பிடிப்பவர். பாறையை ஒரு சுற்று சுற்றிவந்து, தட்டிக் கேட்டு, இங்கே என்று விரல் வைப்பார். வைத்த இடத்தில்தான் அது பிளக்கும். அம்மாவும் நானும் கீழே ஜல்லி உடைப்போம்.

ஒருநாள் நான் உடைத்த கருங்கல்லுக்குள் மாதுளை முத்துகள் போலச் சிவப்பாக மின்னியது. பாவாடையில் முடிந்துகொண்டேன். கல் சேர்க்கிற பொழுதுபோக்கு உள்ள சார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் குவாரிக்கு வருவார். எங்களுக்குப் பிழைப்பு, அவருக்குப் பொழுதுபோக்கு. நான் காட்டிய கல்லைப் பார்த்ததும் வெள்ளைக் கால்சட்டையோடு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்ட குடும்மா. கண்காட்சில உன் பேரைப் போட்டு வைக்கறேன்" என்றார். பேரைக் கேட்டு நோட்டுப் புத்தகத்திலும் எழுதிக்கொண்டார். கொடுத்துவிட்டேன். குவாரி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். என் பேரை யாரும் அதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட ஹாலில். அப்பா வேலைக்குப் போகாமல் துவைத்த சட்டை போட்டு வந்தார். எங்கள் இருவருக்கும் எழுத்து தெரியாது என்பதால் ரயில்வேயில் இருந்த மாமாவையும் கூட்டிப் போனோம். வெள்ளைத் துணிமேல் என் கல் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. முன்னால் சீட்டு. மாமா குனிந்து வரிவரியாக விரல் வைத்தார். அப்புறம் நிமிரவே இல்லை.

"படி மாமா!"

"கல்லு பேரு கீது. மலை பேரு கீது. கடைசில சாரு பேரு கீது."

"என் பேரு?"

"உன் பேரு இல்ல, கண்ணு."

சார் சிரித்துக்கொண்டே வந்தார். கேட்டேன். "கல்லைச் சேகரிச்சவங்க பேரைத்தாம்மா போடணும். அதுதான் முறை. உனக்குச் சும்மா கிடைச்சதுதானே?" என்றார்.

சும்மாவா? என் உள்ளங்கைக் கொப்புளத்தை அவர் வந்து பார்த்தாரா? கல்லை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். "என் கல்லு. தர மாட்டேன்" என்று கத்தினேன். சார் என் மணிக்கட்டைப் பிடித்தார். சிரிப்பு மாறவில்லை. "என்னப்பா, உன் பொண்ணு திருடுது பாரு" என்றார் அப்பாவிடம்.

அப்பா ஒரு அறை விடுவார் அந்த ஆளை என்று காத்திருந்தேன். அப்பா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "ஒண்ணும் தெரியாத கொயந்த சார்" என்று குனிந்து கல்லை மேஜையில் வைத்தார். என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலிலேயே அவர் கையைக் கடித்தேன். பொங்கல் தாண்டியும் அவரோடு பேசவில்லை. ஏமாற்றிய சார் மேல் இருந்த கோபத்தைவிட, குனிந்த அப்பா மேல்தான் எனக்குக் கோபம். வெகுகாலம் அதைக் கட்டிக்கொண்டு அலைந்தேன்.

அன்று அப்பா அந்தக் கல்லை நான் எடுத்த இடத்தில் வைக்கவில்லை. சீட்டின் மேல் வைத்தார். வைத்து, விரலால் ஒரு தள்ளு தள்ளினார். மேல் இரண்டு வரியும் தெரிந்தன. மாமா கடைசியாக விரல் வைத்த வரி மட்டும் கல்லுக்கு அடியில் போய்விட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எழுத்து தெரியாத மனுஷன், எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டார் என்று அப்போது நினைத்தேன். அதற்கும் சேர்த்துத்தான் கடித்தேன்.