பவளம் மாமியை முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போன ஆறு கட்டைப் பயணம்

கனடாவிலும் லண்டனிலும் பரந்து விரிந்து வாழும் என் வாசகப் பெருமக்களில் மூன்று பேர் (மொத்தமே ஐந்து பேர்தான் என்று என் மனைவி பரப்புகிற வதந்தியை நம்பவேண்டாம்) ஒரே கேள்வியை எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அம்மாவையோ அப்பாவையோ யாழ்ப்பாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க வருகிறார்களாம். எப்படிப் போவது, எதைப் பார்ப்பது என்று கேட்கிறார்கள். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். 1993ஆம் ஆண்டு ஆவணி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், அளவெட்டியிலிருந்து மானிப்பாய்க்கு அப்பால் வரைக்கும் இதே காரியமாக நான் ஒரு படையெடுப்பு நடத்தியிருக்கிறேன். தூரம் ஆறு கட்டை, அதாவது பத்துக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. எடுத்த நேரம் ஒன்றே முக்கால் மணித்தியாலம். இமயமலையில் ஏறியவர்கள் இதைக் கேட்டால் வெட்கப்பட்டு இறங்கிவிடுவார்கள்.

பவளம் மாமி என் தகப்பனாரின் தங்கை. அப்போது வயது எழுபத்தெட்டு. அளவெட்டியில் தனியே இருந்தார். மூன்று கிழமைக்கு முன்னர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். முறிவு வைத்தியர் மூலிகைப் பத்துப் போட்டுக் கட்டிவிட்டு, இனி இந்தக் கையால் வாளி இழுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். போரினால் அக்கம்பக்கத்து வீடுகள் வெறுமையாகிக் கிடந்த காலம். கொக்குவிலில் என்னுடன் வந்து இருங்கள் என்று கெஞ்சினேன். "உன்ரை வீடோ அது? உன்ரை பெண்சாதிக்குக் குடுத்த சீதன வீடு. சம்பந்தி வீட்டுச் சோத்துக்கு நான் கோப்பை தூக்கிக்கொண்டு நிக்கிறதோ?" என்றார். எங்களூரில் இந்த வாதத்துக்கு மறுவாதம் கிடையாது. வீடு மனைவி பெயரில்தான் இருந்தது.

ஆகவே கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஓர் இல்லத்துக்கு எழுதிப் போட்டேன். ஒரு நாள் சைக்கிளில் பதில் வந்தது. பெண்கள் பகுதியில் ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது, புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் விதானையாரின் (கிராம சேவகரின்) கடிதத்துடன் வரவும், வராவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுக்கப்படும் என்று. அந்த ஒரு கட்டிலுக்காகத்தான் இவ்வளவும்.

காலை 5.40க்குச் சைக்கிளில் புறப்பட்டேன். ஏழு கட்டை. இரண்டு இடத்தில் சங்கிலி கழன்றது. 6.55க்கு அளவெட்டி. மாமி சேலை மாற்றி, ஒரு தகரப் பெட்டியும் இரண்டு பெரிய போத்தல்களுமாக வாசலில் நின்றார்.

"உதென்ன மாமி, போத்தலுக்குள்ளை?"

"என்ரை கிணத்துத் தண்ணி. அங்கத்தையான் தண்ணி எப்பிடியோ ஆருக்குத் தெரியும்? குடிச்சுப் பாத்துத்தான் முடிவு சொல்லுவன். பிடிக்கேல்லையெண்டா திரும்பி வாறதுதான்."

குடாநாட்டார் மாப்பிள்ளையைக்கூட இவ்வளவு சோதிக்கமாட்டார்கள். இரண்டு வேலிக்கு ஒரு சுவையில் தண்ணீர் ஊறுகிற நாட்டில் இது நியாயமான நிபந்தனைதான்.

எட்டு மணிக்கு மணியண்ணையின் கார் வந்தது. போகக் கூலி முந்நூறு ரூபாய். பெற்றோல் இல்லாத காலம் என்பதால் அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. இரண்டு மூடி பெற்றோலை உள்ளே ஊற்றி உசுப்பிவிட்டு, அது திகைத்து நிற்கும் நேரம் பார்த்து மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். பிறகு அது விட்ட புகையில் சூரியன் இருமியதை நான் என் கண்ணால் கண்டேன். திரும்பி வருவதற்காக என் சைக்கிளைக் காரின் முகட்டில் கட்டினோம்.

8.20க்கு விதானையார் வீடு. நல்ல மனிதர். ஆனால் எழுதுவதை எல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுகிற பழக்கம் அவருக்கு. "மேற்படி பவளம் என்பவர்... ஆதரவற்றவர்... என்பதை உறுதிப்படுத்துகிறேன்."

மாமி எழும்பினார். "ஆர் ஆதரவற்றவர்?"

"அது அம்மா, வழக்கமா எல்லாருக்கும் எழுதிறதுதான். சும்மா."

"சும்மா எழுதிறதெண்டா உங்கடை பேருக்கு எழுதுங்கோ. ராசன், காரை வீட்டுக்கு விடச் சொல்லு."

ராசன் என்பது அடியேன். மாமி வாசல் படலை வரைக்கும் போய்விட்டார். மணி 8.40. என் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது. அப்படி அது வேலை செய்கிற நாள்களில்தான் எனக்கு நாசம் வருவது வழக்கம். விதானையாரின் கையைப் பிடித்து, "ஐயா, அந்தக் கடதாசியைக் கிழியுங்கோ. நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே எழுதினார். பழம்பெரும் நிலக்கிழார் குடும்பம். பன்னிரண்டு அறை வீடு. பிள்ளைகள் வெளிநாடுகளில் உன்னத பதவிகளில். எந்நேரமும் சூழ்ந்து நின்று தாங்கும் உற்றார் உறவினர். கலியாணப் பேச்சுக்கு எழுதியிருந்தால் மூன்று மாப்பிள்ளைமார் வரிசையில் நின்றிருப்பார்கள். வாசித்துக் காட்டினேன். மாமி திரும்பி வந்து காரில் ஏறினார். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

9.05க்குப் புறப்பட்டோம். சண்டிலிப்பாயில் கார் நின்றது. நாற்பது நிமிடம். மணியண்ணை மூடியைத் திறந்து உள்ளே ஊதினார், உறிஞ்சினார், திட்டினார்.

"தம்பி, ஒருக்காத் தள்ளினா சரி. அம்மா, நீங்கள் இறங்கத் தேவையில்லை."

"நான் இறங்கமாட்டன். நீங்கள் ரெண்டு ஆம்பிளையளும் தள்ளுற வடிவைப் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார் மாமி.

கால் கட்டை தூரம் தள்ளினேன். என் நினைவில் அது நாற்பது கட்டை. 10.50க்கு இல்லத்தின் வாசலில் இறங்கினோம். மண்ணெண்ணெய் மணத்தில் எங்களை வரவேற்ற நாயே பின்வாங்கியது.

இனித்தான் பயணிகள் கவனிக்கவேண்டிய பகுதி. நீளமான இரண்டு ஓட்டுக் கட்டடங்கள். ஒன்று ஆண்களுக்கு, மற்றது பெண்களுக்கு. நடுவில் ஒரு கிணறு, ஒரு மாமரம். நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான முதியவர்கள், அவர்களுக்கு மூன்று சிஸ்டர்மார், சமையலுக்கு இரண்டு பெண்கள். சவர்க்காரம் (சோப்பு) கிடையாத காலம், ஆகவே சீலைகளைப் பனம்பழத்தில் போட்டுத் துவைத்துக் கொடியில் காயவிட்டிருந்தார்கள். வளவு முழுவதும் பனம்பழ வாசம். பிளாஸ்ரிக் கதிரை ஒன்றுக்கு இரண்டு சைக்கிள் சில்லுகளைப் பூட்டித் தள்ளுவண்டி செய்திருந்தார்கள். அதில் ஒரு கிழவர் மகாராசா மாதிரி இருந்துகொண்டு, மணியைக் கிணுகிணுத்து வழி கேட்டார். கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் பனஞ்சலாகையில் கைபிடி அடித்திருந்தது. அது கைபட்டுக் கைபட்டு மினுங்கியது. மாமரத்தடியில் இளம் சிஸ்டர் ஒருவர் முக்காலியில் இருந்து, வரிசையாக இருந்த முதியவர்களின் கால்களை ஒவ்வொன்றாக மடியில் தூக்கி வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். புதன்கிழமை நக நாளாம்.

மாமி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நேரே கிணற்றடிக்குப் போய், சமையற்காரப் பெண் அள்ளிக் கொடுத்த தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்து, ஒரு மிடறு குடித்தார்.

"சவர்" என்றார், அதாவது உப்புக் கரிப்பு. "ஆனா பெருஞ்சவர் இல்லை. பழகலாம்."

வெற்றி என்று துள்ளாத குறையாக மாமியை அலுவலக அறைக்குக் கூட்டிப்போனேன். மேசைக்குப் பின்னால் மதர், அதாவது இல்லத்தின் தலைவி. மெலிந்த, கண்ணாடி போட்ட, அறுபது வயதுப் பெண்மணி. விதானையாரின் கடிதத்தை ஒரு முறை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்து இன்னொரு முறை வாசித்தார்.

"ஐயா, பன்னிரண்டு அறையோ?"

"சமையலறையைச் சேர்க்கேல்லை, மதர்" என்றேன்.

"உற்றார் உறவினர் எந்நேரமும் சூழ நிக்கினமோ?"

"வீட்டுக்குள்ளை இடம் போதாமல் முத்தத்திலை நிக்கினம்!"

மதர் கடிதத்தை மடித்தார். "நல்லது. அப்ப நான் இவவை எடுக்கேலாது. பாக்க ஆக்கள் இருக்கிறவைக்கு இந்தக் கட்டிலைக் குடுக்கக்கூடாது எண்டது எங்கடை சபையின்ரை விதி. பட்டியலிலை இன்னும் பதினொரு பேர் இருக்கினம்."

பொய்யில் ஒரு கோட்டை கட்டி, அதற்குள் மாமியை வைத்துப் பூட்டிவிட்டேன். மணி 11.35. நான் வாயைத் திறந்து, அறைகளைப் பன்னிரண்டிலிருந்து ஆறாகக் குறைக்க ஆயத்தமானேன்.

"நீ வாயை மூடு, ராசன்" என்றார் மாமி. பிறகு மதரின் பக்கம் திரும்பினார். "உவன் சொல்லுறது முழுக்கப் புளுகு, பிள்ளை. சின்னனிலை இருந்தே உப்பிடித்தான். வீடு ரெண்டு அறை. அதிலை ஒண்டுக்குக் கூரை இல்லை. மகள் கனடாவிலை ஒரு ஆசுப்பத்திரிக் குசினியிலை வேலை. மகனுக்கு ஜேர்மனியிலை இன்னும் விசா சரிவரேல்லை."

"அப்ப ஆதரவற்றவர் எண்டு எழுதட்டோ, அம்மா?"

"இல்லை." மாமியின் குரல் உயரவில்லை. "அப்பிடி எழுதினா, என்ரை மகள் எழுதிற கடிதம் எல்லாம் பொய்யாப் போயிடும். ஒவ்வொண்டும் வந்து சேர ரெண்டு மாசம், மூண்டு மாசம். அவள் எழுதிறதை விடேல்லை. உவனும் ஏழு கட்டை சைக்கிள் உழக்கித்தான் வாறவன். எனக்கு ஆக்கள் இருக்கினம். ஆனா கனடாவிலை இருந்து என்ரை கிணத்து வாளியை இழுக்கேலாது, இல்லையோ?"

மதர் கடிதத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார். வெளியே தள்ளுவண்டிக் கிழவரின் மணி கிணுகிணுத்தது.

"அப்ப நான் என்ன எழுதட்டும்? நீங்களே சொல்லுங்கோ."

"தண்ணி அள்ள ஆளில்லை எண்டு எழுதுங்கோ. அது உண்மை."

மதர் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதினார். 'தண்ணீர் அள்ள ஆளில்லை.' எழுதிவிட்டுத் தனக்குத்தானே சொல்வதுபோல, "சபை கேட்டா நான் பதில் சொல்லுறன்" என்றார். மாமி இடது கையால் கையெழுத்துப் போட்டார். அது கோழி கிளறியதுபோல இருந்தது. மணி 11.50. விதானையாரின் காவியத்தை மதர் என்னிடமே திருப்பித் தந்தார். "இதை வைச்சிருங்கோ ஐயா, உங்களுக்கு எங்கேயேன் பெண் பாக்கேக்கை உதவும்." எனக்குக் கலியாணமாகி மூன்று பிள்ளைகள் என்று சொல்லத் தோன்றாமல் வாங்கிக்கொண்டேன்.

மாமி தன் இரண்டு போத்தல் தண்ணீரையும் வாசலில் இருந்த குடிதண்ணீர்ப் பானைக்குள் ஊற்றச் சொன்னார். பொதுப் பானை. "எல்லாரும் இண்டைக்கு ஒரு நாளைக்கு நல்ல தண்ணி குடிக்கட்டும். நாளையிலை இருந்து நானும் சவர் குடிக்கிறன்." பிறகு எனக்குச் சொன்னார்: "போய் உன்ரை பெண்சாதிக்குச் சொல்லு, நான் கோவிச்சுக்கொண்டு வரேல்லை எண்டு." 12.30க்கு முகட்டிலிருந்து சைக்கிளை இறக்கிக் கொக்குவிலுக்கு உழக்கினேன். எதிர்க்காற்று. ஆனாலும் அன்று யாரும் என்னை முந்தவில்லை. (றோட்டில் வேறு யாரும் இருக்கவில்லை.)

மாமி அந்த இல்லத்தில் ஒரு வருடமும் எட்டு மாதமும் இருந்தார். போகும்போதெல்லாம் தேத்தண்ணியைக் குறை சொன்னார். முகம் மட்டும் குறை சொல்லவில்லை. கடைசிவரை நகநாளில் வரிசையில் முதல் ஆளாக இருந்தாராம்.

ஆகவே வரப்போகிறவர்களுக்கு. காலைநேரமாகப் போங்கள், பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் ஓர் இல்லத்தின் உண்மையான முகம் தெரியும். வரவேற்பறையையும் படங்களையும் விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போகும் வழியைப் பாருங்கள். கைபிடி மினுங்கினால் ஆட்கள் நடமாடுகிறார்கள் என்று அர்த்தம், தூசி படிந்திருந்தால் படுக்கையிலேயே கிடக்கிறார்கள். தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். இப்போது குழாய்த் தண்ணீர், போத்தல் தண்ணீர் எல்லாம் உண்டு, ஆனாலும் குடித்துப் பாருங்கள். நகங்களைப் பாருங்கள். படிவம் நிரப்பும்போது அம்மாவை வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு நீங்கள் உள்ளே போகாதீர்கள். எழுதவேண்டிய வசனம் அவரிடம்தான் இருக்கும். உங்களிடம் பன்னிரண்டு அறைதான் இருக்கும்.

எனக்கும் இப்போது எழுபது தாண்டிவிட்டது. கொக்குவில் சீதன வீட்டில் நானும் மனைவியும் இரண்டே பேர். ஞாயிறு தவறாமல் ரொறொன்ரோவிலிருந்து மகள் தொலைபேசியில் வந்து, "அப்பா, ஏதேன் தேவையோ?" என்று கேட்பாள். இருபது வருடமாக ஒரே பதில்தான்: "ஒண்டும் தேவையில்லை பிள்ளை, நான் இஞ்சை ராசா மாதிரி இருக்கிறன்." மாசியில் ஒரு ஞாயிறு அதையே சொல்ல வாய் எடுத்தேன். குனிந்தால் தலை சுற்றுகிறது, மனைவிக்குக் கண் தெளிவில்லை. மாமியின் இடதுகைக் கையெழுத்து ஞாபகம் வந்தது.

"கால் நகம் வெட்ட ஆளில்லை, பிள்ளை" என்றேன்.

"இதை ஏன் அப்பா முந்தியே சொல்லேல்லை?" என்றாள். அடுத்த புதன்கிழமையிலிருந்து ஒரு தாதி வருகிறார். முக்காலியில் இருந்து, என் காலை மடியில் தூக்கி வைத்து வெட்டிவிடுகிறார். இன்றைய திகதியில் இந்தக் குடாநாட்டில் என் கால்களுக்கு நிகரான கால்கள் கிடையா. இது மட்டும் புளுகில்லை.