ஓர் ஆள் தூக்கக்கூடிய பீரோ

போன வாரம் என் மகன் போனிலேயே ஒரு பீரோ வாங்கினான். வேனில் வந்த பையன் அதை அட்டைப்பெட்டியோடு ஒற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மறு கையில் போன் பேசியபடியே இரண்டு மாடி ஏறி வந்து வைத்துவிட்டுப் போனான். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "என்னப்பா, பீரோவையே பார்த்ததில்லயா?" என்றான் மகன். நானா பார்த்ததில்லை! ஒரு காலத்தில் திருத்தணி ஊரே என்னை 'பீரோ காவடி' என்றுதான் கூப்பிட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தப் பெயர் எழுதிய கல்யாணப் பத்திரிகைகூட எனக்கு வந்திருக்கிறது.

அட்டையைப் பிரித்ததும் குப்பென்று பெயிண்ட் வாசனை அடித்தது. அது என்னை நேராக மலையடிவாரத்தில், செங்கல்வராயன் கடை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. எழுபதுகளின் தொடக்கம். படியேறப் போகும் தெருவில், தேங்காய் மண்டிக்கு நேர் எதிரில் அந்தக் கடை. பீரோ, கட்டில், மேசை எல்லாம் தெருவில் நிற்கும். அவர் மட்டும் உள்ளே இருப்பார். எங்கள் பக்கத்தில் அப்போது பாதிக் கல்யாணம் மலைமேல்தான் நடக்கும். தாலி கட்டி முடித்து இறங்கி வரும் கூட்டம் அப்படியே அவர் கடையில் நின்று சீர் பீரோவை வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஆர்.கே.பேட்டைக்கோ மணவூருக்கோ போய்விடும். மாப்பிள்ளை பீரோக் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிவிட்டால் வியாபாரம் முடிந்தது என்பார் அவர். மொட்டை போட்ட மாமனார்கள் அதே கண்ணாடியில் தலைச் சந்தனத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நகர்வார்கள்.

நான் அப்போது அந்த ஊரைக் கட்டி மேய்த்த ஆபீஸில் புதுக் குமாஸ்தா. பெயரெல்லாம் வேண்டாம், பாவம், ஆபீஸ். தேங்காய் மண்டி சுப்பராயலு அதில் ஒரு மெம்பர். செங்கல்வராயனின் பீரோக்கள் வழியை அடைப்பதால் அவர் தேங்காய் வண்டி திரும்ப முடியவில்லை. ஒருநாள் தீர்மானம் கொண்டுவந்துவிட்டார்: பெரிய பொருள் விற்கும் கடைகள் எல்லாம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். அந்தப் பக்கத்தில் அப்போது ஒரு வேப்பமரம், இரண்டு எருமை. தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் செங்கல்வராயன் ஆபீஸுக்கு வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மலை எறங்கி வர்றவங்க கண்ணுல படறதாலதான் பீரோ விக்குது தம்பி. கேட்டாண்ட போயிட்டா, நானும் கேட் கீப்பரும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துகினு குந்திகினு இருக்க வேண்டியதுதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மேசையை மட்டும் விடவில்லை.

இதற்கு நடுவில் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, பெரிய பொருள் என்றால் என்ன என்று விளக்கம் எழுதச் சொன்னார். எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதில் பேனாவைக் கொடுத்தால் மனிதன் சும்மா இருப்பானா? 'ஓர் ஆள் தனியாகத் தூக்கிக்கொண்டு பத்தடி நடக்க முடியாத பொருள் பெரிய பொருள்' என்று எழுதி, நானே நாலு தடவை படித்து ரசித்தேன். கவுன்சிலும் ரசித்தது. அப்புறம்தான் ஒருவர் எழுந்து, எந்த ஆள் என்று கேட்டார். செங்கல்வராயன் ஸ்டேஷனிலிருந்து கடோத்கஜன் போல ஒரு மூட்டைக்காரரை அழைத்து வந்தார். சுப்பராயலு கைத்தடி ஊன்றிய தன் பாவாவை, அதாவது அக்கா புருஷனை, அழைத்து வந்தார். ஆபீசர் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஊரில் எனக்குச் சொந்தம் இல்லை, கடை இல்லை, பகை இல்லை. ஊருக்குப் பொதுவான ஆள் நான்தான் என்று முடிவு செய்துவிட்டார். ஃபேன் போட்டால் ஃபைலைப் பிடிப்பதா என்னைப் பிடிப்பதா என்று பியூன் யோசிக்கிற உடம்பு அப்போது எனக்கு.

பரீட்சை தெருவிலேயே நடந்தது. பீரோவைக் கட்டிப்பிடித்தேன். நாங்கள் இருவரும் அசையவில்லை. சுப்பராயலு விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் ஆபீசர் நியாயஸ்தர். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று தெரு முழுக்க என்னை நடத்திக் கூட்டிப்போனார். தேங்காய் மூட்டை, என்னால் முடியவில்லை. வெல்ல மூட்டை, விபூதி மூட்டை, பூந்தி அண்டா, எதுவும் முடியவில்லை. பூக்காரம்மாவின் கூடையை மட்டும் தூக்கினேன், நாலாவது அடியில் அதுவும் போயிற்று. சாயங்காலத்துக்குள் கடைத்தெரு மொத்தமும் பெரிய பொருள் ஆகிவிட்டது. சட்டப்படி எல்லோரும் எருமையோடுதான் கடை போட வேண்டும். சுப்பராயலுவின் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபரீட்சை என்று ஆபீசர் வாய்தா கொடுத்தார்.

ஐயோ, அந்த ஒரு மாதம்! என் வாழ்நாளில் அப்படிச் சாப்பிட்டதில்லை. செங்கல்வராயன் வீட்டிலிருந்து கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழி முட்டையும் வரும். சுப்பராயலு வீட்டிலிருந்து நெய் தோசை வரும், கூடவே அவரும் வருவார். அவர் கவலை வேறு. நான் தேங்காய் மூட்டையைத் தூக்குகிற அளவுக்குத் தேற வேண்டும், பீரோவைத் தூக்குகிற அளவுக்குத் தேறிவிடக் கூடாது. எதிரில் உட்கார்ந்து என் புஜத்தை அமுக்கிப் பார்ப்பார். "போதும் நைனா, இந்தப் பலம் போதும்" என்று நாலாவது தோசையைத் தட்டிலிருந்து எடுத்துவிடுவார். அவர் போனதும் களியை வெளியே எடுப்பேன்.

மறுபரீட்சைக்கு ஆபீசர் குறித்த நாள் கிருத்திகை. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், பாவம். கிருத்திகையன்று திருத்தணித் தெருவில் மூட்டை தூக்கும் போட்டி வைக்க உள்ளூர்க்காரன் எவனுக்கும் தோன்றாது. தெரு நிறையக் காவடி, பம்பைச் சத்தம், கற்பூரப் புகை. நடுவில் ஆபீசர் சாக்பீஸால் பத்தடிக்கு ஒரு கோடு போட்டார். தேங்காய் மூட்டையைத் தூக்கி நடந்துவிட்டேன். வெல்லம், விபூதி, அண்டா எல்லாம் தேறின. தெருவே பிழைத்தது. மிச்சம் பீரோ ஒன்றுதான். செங்கல்வராயன் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி என் தோளில் வைத்துவிட்டு, கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முருகா, தின்ற களிக்காவது மரியாதை கொடு என்று வேண்டிக்கொண்டு பீரோவுக்குத் தோள் கொடுத்தேன்.

எழும்பிவிட்டது. அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்த காவடிக் கூட்டத்துக்கு என்ன தெரியும்? தோளில் சுமை ஏறினால் எங்கள் பக்கத்தில் வாய் தானாக ஒன்றைச் சொல்லும். "அரோகரா" என்றார்கள். பம்பைக்காரர் என் பக்கம் திரும்பி அடிக்க ஆரம்பித்தார். ஓர் அம்மாள் குடத்துத் தண்ணீரை என் காலில் ஊற்றினார். யாரோ நெற்றியில் விபூதி பூசினார்கள். ஆறாவது அடியில் முட்டி மடங்கியது. தூக்கின காவடியைத் தரையில் வைக்கக் கூடாது, தள்ளாடுகிறவனுக்குப் பக்கத்திலிருப்பவன் தோள் கொடுக்க வேண்டும். அது ஊர் வழக்கம், யோசித்துச் செய்கிற காரியமில்லை. சட்டென்று என் பாரம் பாதியானது. திரும்பிப் பார்த்தால், கண்ணை மூடி அரோகரா சொல்லிக்கொண்டு பீரோவுக்கு அடியில் சுப்பராயலு.

இருவருமாகக் கோட்டைத் தாண்டி, மலையின் முதல் படி வரைக்கும் போய்விட்டோம். டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த ஆபீசர், இரண்டு பேர் தூக்கியதால் இது பெரிய பொருள்தான் என்றார். செங்கல்வராயன் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார். அப்போது சுப்பராயலு மூச்சு வாங்கிக்கொண்டே ஆபீசரைத் திருத்தினார். "தோள் மாத்தினவனுக்கு ஏதுங்க கணக்கு? வேண்டிகினவன் காவடிங்க அது. இவன் ஒருத்தன்தான் தூக்கினான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. படியில் நின்று, மலையைப் பார்த்துச் சொன்ன சொல். திரும்ப வாங்க முடியுமா? ஆபீசர் 'ஓர் ஆள்' என்று எழுதிக்கொண்டார். பீரோ சின்னப் பொருள் ஆனது. செங்கல்வராயன் கடை அங்கேயே இருந்தது. அதன் பிறகு சுப்பராயலுவின் வண்டி திரும்பும்போதெல்லாம் செங்கல்வராயனே ஓடிவந்து பீரோக்களை நகர்த்திக் கொடுப்பார். இதை முதலிலேயே செய்திருந்தால் எனக்கு இடுப்புப் பிடித்திருக்காது.

இப்போது இருவரும் இல்லை. செங்கல்வராயன் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள், கடையில் உள்ளங்கையை விடப் பெரிதாக ஒன்றுமில்லை. பீரோக் கடைகள் எல்லாம் கனகம்மாசத்திரம் ரோட்டில் கண்ணாடி மாளிகையாக நிற்கின்றன. அவற்றை அங்கே போகச் சொல்லி ஒருவரும் தீர்மானம் போடவில்லை. கல்யாணக் கூட்டம் மலை இறங்கியதும் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்கிறது. என் விளக்கத்தை யாரும் ரத்து செய்ததாகவும் தெரியவில்லை. அப்படியானால் அந்த ஊரில் பெரிய பொருளுக்கு இன்னமும் நான்தான் அளவு.

நேற்று மகன் வேலைக்குப் போனதும், துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு புதுப் பீரோவுக்கு அடியில் தோளைக் கொடுத்துப் பார்த்தேன். அந்தப் பையன் போன் பேசிக்கொண்டே தூக்கி வந்த பீரோதான். அசையவில்லை. அரோகரா என்று மெதுவாக நானே சொல்லியும் பார்த்தேன். பழக்க தோஷம், பக்கத்தில் யாராவது தோள் கொடுக்க வருகிறார்களா என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.